கடைமடைக்கு மின்சாரம்: கம்பியைப் பெருக்குவதா, ஊரிலேயே எடுப்பதா?

கடைமடை என்றால் என்ன என்று நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேச்சிப்பாறையில் ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தாலும், அனந்தனார் கால்வாயின் கோடியிலும் தோவாளைக் கால்வாயின் கோடியிலும் உள்ள வயல்களுக்கு அது என்றைக்கு வந்து சேரும், எவ்வளவு வந்து சேரும் என்பது மேல்மடைக்காரர்களைப் பொறுத்த விஷயம். மின்சாரத்துக்கும் இதேபோல ஒரு கடைமடை உண்டு. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருப்பவர் மோட்டார் சிரமமில்லாமல் ஓடுகிறது. அதே கம்பியின் கோடியில், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால் அதிசயம். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிகக் கரண்ட்டை இழுக்கும். காயில் சூடேறிக் கருகும். காயில் கட்டும் செலவும், அந்த நான்கைந்து நாள் தண்ணீர் இல்லாமல் வாழை வாடும் நஷ்டமும் எந்த அரசாங்கக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதற்குப் பரிகாரமாக நாம் கேட்டு வருவது ஒன்றே ஒன்று: பெரிய டிரான்ஸ்பார்மர் வையுங்கள், கனமான கம்பி இழுங்கள். நியாயமான கோரிக்கைதான். இப்போது சில வருஷங்களாக வேறொரு பேச்சும் கிராமங்களில் நடமாடுகிறது. ஊரிலேயே சூரியத் தகடுகளை வைத்து, ஊருக்குள்ளேயே கம்பி இழுத்து, தேவையானால் பாட்டரியும் சேர்த்து, நம் மின்சாரத்தை நாமே எடுத்துக்கொள்ளலாமே என்பது அந்தப் பேச்சு. இதைச் சிறு மின்தொகுப்பு என்கிறார்கள். நாடு முழுவதையும் ஒரே வலையாகப் பின்னியிருப்பது பெருந்தொகுப்பு. ஒரு கிராமத்தையோ இருபது பம்ப்செட்டையோ மட்டும் பின்னுவது சிறு தொகுப்பு.

இது நமக்குக் கட்டுபடியாகுமா? விற்பனைக்கு வருபவர்கள் ஆகும் என்பார்கள். கம்பிதான் நல்லது என்பவர்கள் ஆகவே ஆகாது என்பார்கள். இரண்டு பேரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. உங்கள் ஊரில் மின்சாரம் எந்த மாதத்தில், எந்த மணிக்குப் பற்றாமல் போகிறது? லாப நஷ்டம் அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மூன்று மாத வேலைக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம்

வேறு பல மாவட்டங்களில் கிணறுதான் பாசனம். நமது வயற்பகுதியில் அப்படி அல்ல. கோதையாற்றுப் பாசனத்தில் ஜூன் முதல் பிப்ரவரி கடைசி வரை கால்வாய்த் தண்ணீர் உண்டு. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அதிலேயே முடிந்துவிடும். பம்ப்செட்டுக்கு உண்மையான வேலை மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான். அப்போது தென்னையும் வாழையும் காய்கறியும் தோவாளைப் பக்கத்துப் பூச்செடிகளும் கிணற்றை நம்பி நிற்கின்றன. வெயிலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. வேண்டிய காலத்தில் வெயில் இருக்கிறது, அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள். ஆனால் மீதி ஒன்பது மாதம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து குதிரைசக்தி மோட்டாருக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் தகடு வேண்டும். மானியத்தைக் கழிக்காமல் அதன் விலை 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவிகித வட்டிக்குக் கடன் வாங்கி இருபது வருஷத்தில் அடைப்பதானால் வருஷத்துக்கு 35,000 ரூபாய் ஆகும். நமது பக்கத்தில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். (கோடையில் கொஞ்சம் கூடும், இரண்டு மழைக்காலங்களிலும் குறையும், கணக்கு எளிதாக இருக்க நான்கு என்றே கொள்கிறேன்.) அப்படியானால் இந்தத் தகடு நாளுக்கு 20 யூனிட் தருகிறது.

கோடை 90 நாள் மட்டும் பயன்படுத்தினால் 1,800 யூனிட். யூனிட் ஒன்றுக்கு 19 ரூபாய்க்கு மேல் விழுகிறது. வருஷம் முழுவதும் பயன்படுத்தினால் 7,300 யூனிட். யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. தகடும் வெயிலும் கடனும் மாறவில்லை. வேலை கொடுத்தோமா, சும்மா விட்டோமா என்பதில் விலை நான்கு மடங்கு மாறுகிறது. மூன்று மாதம் உழுவதற்காக ஒரு ஜோடி காளையைப் பன்னிரண்டு மாதமும் கட்டித் தீனி போடுவதைப் போன்றது தனியாள் சோலார் பம்ப்.

மானியம் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு சேர்ந்து விலையில் அறுபது சதவிகிதமும், சில பிரிவினருக்கு அதற்கு மேலும் மானியமாகக் கிடைத்தது. கிணற்றுப் பாசனத்தையே நம்பிய மாவட்டங்களில் பலருக்கு அது கைகொடுத்தது. ஆனால் மானியம் செலவைக் குறைப்பதில்லை. செலவை வேறொருவர் தலையில் வைக்கிறது. அந்த ‘வேறொருவர்’ வரி கட்டும் நாமும்தான். இதையும் மறக்கக் கூடாது: நம் மாநிலத்தில் விவசாய மின் இணைப்பு உள்ளவருக்கு மின்சாரத்துக்குக் கட்டணம் கிடையாது. விலையில்லாத சரக்கோடு எந்தத் தகடும் விலையில் போட்டியிட முடியாது. ஆகவே இணைப்பு உள்ளவர், நல்ல வோல்டேஜும் உள்ளவர், பம்ப்புக்காக மட்டும் சோலார் வாங்குவதில் பொருளில்லை. இந்தப் பேச்சு இணைப்புக்காகக் காத்திருப்பவருக்கும் கோடி வோல்டேஜில் மோட்டாரைப் பறிகொடுப்பவருக்கும் உரியது. அவர்கள் எண்ணிக்கை சிறிதல்ல. 2021-இல் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் தரும் திட்டம் தொடங்கியபோது, மாநிலத்தில் காத்திருந்த விண்ணப்பங்கள் நான்கு லட்சத்துக்கு மேல்.

கம்பிக்கும் அதே கணக்குத்தான்

கம்பி என்றால் செலவில்லை என்று ஒரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. பணம் நம் கையிலிருந்து போகாததால் வந்த எண்ணம் இது.

இருபது பம்ப்செட் உள்ள ஒரு கடைமடைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஐந்து குதிரைசக்தி. அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடினால் 75 கிலோவாட் வேண்டும். அங்கே இருப்பது 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். அது தாங்காது. அதை மாற்றி, கம்பியையும் கனப்படுத்த 10 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். முன்சொன்ன வட்டிக் கணக்கின்படி வருஷத்துக்கு 1 லட்சத்து 17 ஆயிரம். எதற்காக? கோடையில் 90 நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், எல்லோரும் ஒரேயடியாக மோட்டார் போடுகிற அந்த நெருக்கடிக்காக. மீதி நாளில் பழைய டிரான்ஸ்பார்மரே போதும். அந்த 90 நாளில் ஓடும் மின்சாரம் ஏறக்குறைய 33,000 யூனிட். மின்சாரத்தின் விலையைச் சேர்க்காமல், அதைக் கொண்டுவரும் வழிக்கு மட்டும் யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய் விழுகிறது.

இந்த ஊரில் அந்த இருபது பேரும் ஒரு சங்கமாகச் சேர்ந்து 50 கிலோவாட் தகடு வைக்கிறார்கள் என்று பாருங்கள். நாம் போட்ட விலைப்படி 30 லட்சம். வருஷத்துக்குத் தவணை மூன்றரை லட்சம். கிடைப்பது 73,000 யூனிட். முன்போல யூனிட் 4 ரூபாய் 80 காசு. ஆனால் பகல் பதினொரு மணிக்கு மோட்டார்கள் ஓடும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே செலவாவதால், டிரான்ஸ்பார்மரின் பாரம் இறங்கிவிடுகிறது. வாரியம் 10 லட்சம் செலவழிக்க வேண்டியதில்லை. அந்த மிச்சத்தை 73,000 யூனிட்டுக்குப் பங்கிட்டால் யூனிட்டுக்கு 1 ரூபாய் 60 காசு வருகிறது. அதைச் சங்கத்துக்குக் கொடுத்தால் மின்சாரத்தின் அடக்கம் 3 ரூபாய் 20 காசு.

அந்த ஒரு ரூபாய் அறுபது காசு இன்று யாருக்குப் போகிறது? தகடு வைத்தவனுக்குப் போகவில்லை. “பெரிய சூரியப் பண்ணைகளில் மூன்று ரூபாய்க்குள் மின்சாரம் கிடைக்கும்போது உங்களுக்கு ஏன் அதிகம் தர வேண்டும்?” என்று கேட்பது சுலபம். எங்கோ உயரழுத்த துணைமின் நிலையத்தில் மூன்று ரூபாய்க்கு ஏறிய மின்சாரம், பல டிரான்ஸ்பார்மர்களைத் தாண்டி, கம்பியில் கரைந்து, மணக்குடிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்கு வந்து சேரும்போது அதன் அடக்கம் மூன்று ரூபாய் அல்ல. வடசேரிச் சந்தையில் விற்கும் காயின் விலையையும் தோட்டத்து விலையையும் ஒன்றென்று எந்த விவசாயியாவது சொல்வானா?

அமெரிக்காவில், பணத்துக்குப் பஞ்சமில்லாத நியூயார்க் நகரத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். புரூக்ளின், குயீன்ஸ் பகுதிகளில் மின்தேவை கூடியபோது, நூறு கோடி டாலருக்கு மேல் ஆகும் துணைமின் நிலையம் கட்ட வேண்டியிருந்தது. 2014-இல் அதற்குப் பதிலாக ஏறக்குறைய இருபது கோடி டாலரில் வாடிக்கையாளர்களிடமே தேவையைக் குறைப்பதற்கும், அங்கங்கே மின்சாரம் எடுப்பதற்கும், சேமித்து வைப்பதற்கும் மின்சாரக் கம்பெனிக்கு அனுமதி தரப்பட்டது. கட்டாமல் தவிர்த்த கட்டடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. இந்தக் கணக்கெல்லாம் நெருக்கடி பகலில் வந்தால்தான். உங்கள் ஊரில் வோல்டேஜ் விழுவது மாலை ஏழு மணிக்கு, வீடுகளில் விளக்கும் மிக்சியும் ஏ.சி.யும் ஓடும்போது என்றால், சூரியத் தகடு ஒரு டிரான்ஸ்பார்மரையும் மிச்சப்படுத்தாது. அந்த ஊருக்குக் கம்பியைத்தான் பெருக்க வேண்டும். அங்கே போய்த் தகடு விற்பவரை நம்ப வேண்டாம்.

பாட்டரி வைத்து இரவுக்குக் கொடுக்கலாமே என்பார். கொடுக்கலாம். ஒரு யூனிட் சேமிக்கும் பாட்டரிக்கும் அதைச் சார்ந்த கருவிகளுக்கும் 15,000 ரூபாய், ஆயுள் பத்து வருஷம், வருஷத்துக்கு 300 நாள் உபயோகம் என்று கொண்டால், சேமித்து எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய் கூடுதல். ஆக 13 ரூபாய் ஆகிறது. இறைக்கிற தண்ணீருக்கு இது அநியாய விலை. தண்ணீருக்கான பாட்டரி தொட்டியும் குளமும்தான். பகலில் இறைத்துத் தேக்கி வைத்தால் போதும், தேய்மானமும் கிடையாது.

மற்ற ஊர்களில் நடந்தது

பீகார் மாநிலம் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்று ஒரு கிராமம். முப்பது வருஷமாக மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர். 2014-இல் கிரீன்பீஸ் நிறுவனத்தார் அங்கே 100 கிலோவாட்டில் சூரிய மின்தொகுப்பு அமைத்தார்கள். செலவு சுமார் மூன்று கோடி. நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனால் விளக்கும் விசிறியும் ஓடிய அளவுக்குக் கனமான சாமான்கள் ஓடவில்லை. விலையும் அரசு மின்சாரத்தைவிட அதிகம். ஊர் மக்கள் ‘அசல் மின்சாரம்’ வேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். கொஞ்ச நாளில் பெருந்தொகுப்பின் கம்பி வந்தது. எல்லோரும் அதற்கு மாறினார்கள். பாட்டரிகள் செத்துப்போயின. சில வருஷம் கழித்து அந்த இடத்தில் மாடு கட்டியிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

இலங்கையில் இதே கதை இரண்டு தடவை நடந்திருக்கிறது. மலையகத்தில் நம் மக்கள் உழைத்த தேயிலைத் தோட்டங்களில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்துத்தான் தொழிற்சாலைகளை ஓட்டினார்கள். அரசின் கம்பி வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. பிற்பாடு, 1990-களுக்குப் பிறகு, மின்சாரம் எட்டாத கிராமங்களில் மின் நுகர்வோர் சங்கம் என்று மக்களே கூடி நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் நிலையங்களைக் கட்டினார்கள். உலக வங்கியின் கடனுதவியும் இருந்தது. அவற்றிலும் நூற்றுக்கு மேற்பட்டவை, கம்பி வந்து சேர்ந்ததும் நின்றுபோயின. தங்கள் மின்சாரத்தைப் பெருந்தொகுப்புக்கு விற்க ஏற்பாடு செய்துகொண்ட ஒருசில மட்டும் பிழைத்தன.

பெருந்தொகுப்போடு போட்டியிட்டது செத்தது. அதனோடு இணைந்தது பிழைத்தது. இதற்கு நல்ல உதாரணம் குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமம். டீசல் பம்ப்பில் இறைத்துக்கொண்டிருந்த ஆறு விவசாயிகள், சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு 2015-16-இல் ஒரு சூரிய மின் உற்பத்திக் கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தினார்கள். மொத்தம் 56 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆறு பேர் தகடுகளையும் ஒரே சிறு தொகுப்பாக இணைத்து, ஒரே மீட்டர் வழியாக, தம் பயிருக்குப் போக மீதியை அரசு மின் கம்பெனிக்கு விற்கிறார்கள். யூனிட் 4 ரூபாய் 63 காசு வீதம் இருபத்தைந்து வருஷ ஒப்பந்தம். அதற்கு ஈடாக, அந்தக் காலம் முழுவதும் சலுகை விலை மின் இணைப்பு கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதலீட்டில் பெரும்பகுதி மானியமாக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுவதும் தம் கைப்பணத்தில் நடந்த காரியமல்ல. ஆனாலும், மின்சாரத்தை விற்க முடியும் என்று ஆனதும் தண்ணீரை வீணாக இறைப்பதற்கு ஆசை குறைகிறது. 2018-இல் அம்மாநில அரசு இதையொட்டிப் பெரிய திட்டம் ஒன்றையே அறிவித்தது.

இந்தத் தண்ணீர் விஷயம் நமக்கு மிக முக்கியம். அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம் கடலோரத்தில் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். ஒருதடவை உப்பேறிய கிணற்றை மீட்பது சாமானியமல்ல. செலவில்லாத வெயிலையும் ஆழமான போரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ‘பார்த்து இறையுங்கள்’ என்று உபதேசம் செய்வதால் பலன் இல்லை. மிச்சம் பிடித்த யூனிட்டுக்குக் கையில் காசு வந்தால் உபதேசமே தேவையில்லை.

உள்ளாட்சி இப்படியொரு தொழிலை நடத்த முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு, கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியைக் காட்டலாம். 2006-இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவி, மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்துக் கடனைக் கட்டிய ஊராட்சி அது. நம் முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து எத்தனையோ காற்றாலைகள் வந்தன. ஊராட்சிக்குச் சொந்தமானதை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

மலை, வயல், கடற்கரை

நமது மாவட்டம் சிறியது. ஆனால் மின்சாரக் கணக்கில் மூன்று நாடுகள் அடங்கியிருக்கின்றன. ஒரே யோசனை மூன்றுக்கும் பொருந்தாது.

மலையில், பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் காணிக்காரர் குடியிருப்புகளைப் போன்ற இடங்களில், தனித் தொகுப்புதான் சரி. முப்பது வீடு, வீட்டுக்கு மாதம் 40 யூனிட் என்றால் வருஷத்துக்கு 14,400 யூனிட். மூன்று கிலோமீட்டர் காட்டு வழியாகக் கம்பி இழுக்க 20 லட்சம் ஆனால், வழிச்செலவு மட்டும் யூனிட்டுக்கு 16 ரூபாய். மின்சார விலை தனி. மரம் விழுந்து கம்பி அறுந்தால் சரிசெய்யும் செலவு தனி. இதோடு ஒப்பிட்டால் பாட்டரி போட்ட 13 ரூபாய் மின்சாரம் மலிவு. ஓடை உள்ள இடத்தில் சிறு நீர்ச்சக்கரமும் சேர்ந்தால், வெயில் குறையும் மழைக்காலத்தில் தண்ணீர் ஈடுகொடுக்கும். அங்கும் பிற்காலத்தில் கம்பி வந்தால் இணைத்துக்கொள்ளும்படி முதலிலேயே தகுந்த கருவி வைத்துவிட வேண்டும். தர்னாய் கிராமத்தின் கதி வரக் கூடாது.

வயற்பகுதியில் பாட்டரி இல்லாத, வாரியக் கம்பியோடு இணைந்த சங்கத் தொகுப்பு. கோடையில் பம்ப்புக்கு, மீதி ஒன்பது மாதம் ஊராட்சிக் குடிநீர் மோட்டாருக்கு, அரிசி ஆலைக்கு, எண்ணெய்ச் செக்குக்கு. கன்னிப்பூ அறுவடை மழையில் மாட்டிக்கொண்டு நெல் முளைவிடும் வருஷங்களில், ஈர நெல்லுக்குக் காற்றடிக்கும் உலர்த்தி ஒன்று சங்கத்தில் இருந்தால் எவ்வளவு உபகாரம்! அன்றைக்கு மேகமாக இருந்தால் வாரியக் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இணைப்பின் பயன் அது. ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: இதற்காக ஒரு சென்ட் வயலையும் தொடக் கூடாது. ஏற்கெனவே மனைக்கல் நட்டுப் போனது போதும். 50 கிலோவாட்டுக்கு ஐயாயிரம் சதுர அடிதான் வேண்டும். கூட்டுறவுக் கிடங்கு, அரிசி ஆலை, பள்ளிக்கூடம் என்று கூரைக்கா பஞ்சம்?

கடற்கரைக்கும் அதை அடுத்த ஊர்களுக்கும் கணக்கு வேறு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கடலில் போன உயிர்கள் ஒரு பக்கம். கரையில் வாழையும் ரப்பரும் தென்னையும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து இரவு பகலாக உழைத்தும், பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் ஆயிற்று. மின்சாரம் இல்லையென்றால் குடிநீர் இல்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 13 ரூபாயா, 30 ரூபாயா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இங்கே விவசாயிகள் பலரும் அறியாத விஷயம் ஒன்று உண்டு. வீட்டுக் கூரையில் சாதாரணமாக வைக்கும், வாரியக் கம்பியோடு இணைந்த சோலார், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் உயிருக்கு ஆபத்து வராமலிருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே புயல் நாளில் நல்ல வெயில் அடித்தாலும் அந்தத் தகடு உதவாது. ஊர்த் தொகுப்பைப் பெருங்கம்பியிலிருந்து துண்டித்துத் தனியே ஓடவிடும் சுவிட்சும், அதற்கேற்ற இன்வெர்ட்டரும், குடிநீர் மோட்டாரையும் ஒரு குளிர்ப்பெட்டியையும் நாலு விளக்கையும் தாங்கும் சிறிய பாட்டரியும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இந்தச் செலவை மின்சாரக் கணக்கில் எழுதக் கூடாது. பயிர்க் காப்பீடுபோல, இது புயலுக்குக் கட்டும் பிரீமியம். அரசு பேரிடர் நிதியிலிருந்து தருவதே முறை. தகட்டைத் தாங்கும் சட்டம் உப்புக் காற்றுக்கும் புயல் வேகத்துக்கும் தாங்குமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மலிவான சட்டம் முதல் புயலிலேயே பறந்து அடுத்த வீட்டுக் கூரையில் விழும்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மானியத்தில் வந்து, பழுது பார்க்க ஆளில்லாமல் துருப்பிடித்த கருவிகள் எல்லா ஊரிலும் உண்டு. விற்ற மின்சாரத்தில் யூனிட்டுக்கு 30 காசாவது தனிக் கணக்கில் போட்டு வைக்காத சங்கம் ஐந்து வருஷம் தாண்டாது. தகட்டைக் கழுவவும் மீட்டர் படிக்கவும் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டும்.

வாரியமும் அரசும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்தெந்த டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கப் போகிறோம், அதற்கு என்ன செலவு என்ற பட்டியலை முன்கூட்டியே கிராமத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கும்படி ஒரு சங்கம் முன்வந்தால், மிச்சத்தில் நியாயமான பங்கை யூனிட் விலையோடு சேர்த்து, இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு எழுத்தில் தர வேண்டும். அப்படி ஒரு எழுத்து இல்லாமல் முப்பது லட்சம் கடன் வாங்கச் சிறு விவசாயிகளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நாம் செய்ய வேண்டியது அதைவிட எளிது. வருகிற பிப்ரவரியில் கால்வாய் அடைத்த நாளிலிருந்து ஜூனில் திறக்கும்வரை, மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள வோல்ட் மீட்டர் காட்டும் எண் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வையுங்கள். வீட்டில் மாலை ஏழு மணிக்கு உள்ள வோல்டேஜையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த பத்துப் பேர் எழுதினால் போதும். அந்த நோட்டுகளோடு கிராம சபைக்குப் போங்கள். மின் வாரியப் பொறியாளரையும் அழைத்து வைத்துக்கொண்டு, நெருக்கடி பகலிலா இரவிலா என்று பார்த்த பிறகு, கம்பியா தகடா என்று பேசத் தொடங்கலாம்.